கொழுப்பைப் பற்றி மனிதன் அறிந்த வரலாறு

"அவனுக்குக் கொழுப்பு மிகுதி" என்று நாம் ஒருவனைப் பழிக்கும்போது அவனுடைய செருக்கையே கருதுகிறோம். இவ்வாறு நம் பேச்சு வழக்கிலே கொழுப்புக்குக் கெட்ட பெயர் ஏற்பட்டுவிட்டது. ஆயினும் நம் சித்த மருத்துவமோ உடற்கட்டுகள் ஏழென வகுத்து, ஊனோடும் என்போடும் கொழுப்பையும் சேர்த்து எண்ணிற்று. அப்படியாயின் கொழுப்பு வேண்டாத சுமையா, அன்றி உடலுக்கு இன்றியமையாத உறுப்பா? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு விஞ்ஞானம் படிப்படியாக விடை கண்ட வரலாற்றை இன்று காண்போம்.

கொழுப்பு நம் உடலில் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று. தோலின் அடியில் போர்வைபோலப் பரவி, உடற்சூடு எளிதில் வெளியேறாதவாறு காக்கிறது. கண்விழிக்குப் பின்னும், சிறுநீரகங்களைச் சூழ்ந்தும், உள்ளங்காலிலும் திண்டுபோல அமைந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது. வயிற்றினுள்ளே குடலைச் சுற்றியும் படிகிறது. ஒரு கிராம் மாச்சத்து ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றல் தரும். அதே அளவு கொழுப்போ 9 கிலோ கலோரி தரும். குறைந்த இடத்தில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்க இதனினும் சிறந்த பொருள் உடலுக்கு இல்லை.

பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் செவ்ரல், கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து அமைந்தது என்பதை 1823ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். பொருளின் இயல்பு தெரிந்தது. ஆனால் அதன் வாழ்வு தெரியவில்லை. குதிரில் கொட்டிய நெல், பஞ்சம் வரும்வரை அசையாது கிடப்பதைப்போலக் கொழுப்பும் கிடக்கிறது என்றே பலரும் எண்ணினர்.

இவ்வெண்ணத்தைத் தகர்த்தவர் ருடால்ஃப் ஷோன்ஹைமர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு நீங்கி, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவர் அவர். ரிட்டன்பர்க் என்பவருடன் சேர்ந்து, கன ஹைட்ரஜனால் அடையாளமிட்ட கொழுப்பைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினார். உண்ட கொழுப்பு உடனே எரிந்துவிடும் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. ஆனால் அதில் பெரும்பகுதி உடலின் கொழுப்புத் திசுக்களிலே காணப்பட்டது. எலிகளோ பருக்கவில்லை. புதியது உள்ளே செல்ல, பழையது வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்பது 1935ஆம் ஆண்டில் இவ்வாறு தெளிவாயிற்று. குதிர் உறங்கவில்லை, நாள்தோறும் வரவும் செலவும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்து, கொழுப்பு எங்கே படிகிறது என்பதும் முக்கியம் என்று காட்டினார் மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக். தொடையிலும் இடுப்பிலும் கொழுப்புச் சேர்ந்தவர்களைவிட, உடலின் மேற்பகுதியில் சேர்ந்தவர்களுக்கே நீரிழிவு முதலிய நோய்கள் மிகுதியாக வருவதை 1947 முதல் அவர் எடுத்துரைத்தார். வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பே மிகவும் தீங்கானது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன.

இவை யாவற்றினும் வியப்பானது இனி வருவது. அமெரிக்காவின் பார் ஹார்பர் நகரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், 1949ஆம் ஆண்டில், ஓயாது உண்டு மிகப் பருத்த சுண்டெலிகள் சில தோன்றின. அங்குப் பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், பருத்த எலி ஒன்றின் இரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியின் இரத்த ஓட்டத்தோடு இணைத்தார். பருத்த எலி உணவைக் குறைத்தது; முன்போல் அவ்வளவாகப் பருக்கவுமில்லை. பசியை அடக்கும் ஏதோ ஒரு பொருள் மற்ற எலியின் இரத்தத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அப்பொருளை உண்டாக்கும் மரபணுவை 1994ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். அது சுரப்பது எங்கே? கொழுப்புத் திசுவிலேதான்! 'லெப்டின்' எனப் பெயர் பெற்ற அந்த ஹார்மோன், சேமிப்பு போதுமென்று மூளைக்குச் செய்தி சொல்கிறது.

இச்சுரப்பு பிறவியிலேயே அமையாத குழந்தைகள் இருவரைப் பற்றி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997இல் அறிவித்தனர். அவர்களுள் ஒரு சிறுமிக்கு லெப்டினை ஊசிமூலம் செலுத்தியதும் தணியாத பசி தணிந்தது; எடையும் குறைந்தது. ஆனால் பருத்தவர் அனைவருக்கும் இது மருந்தாகவில்லை. பெரும்பாலோரிடம் லெப்டின் நிறையவே இருக்கிறது. மூளைதான் அதன் குரலுக்குச் செவிசாய்ப்பதில்லை.

நம் நாட்டார் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே அளந்து 2004இல் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமமே. ஆயினும் யுட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடலிலோ 21.2 பங்கு! மெலிந்து தோன்றும் இந்தியருக்கும் நீரிழிவு வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே நண்பர்களே, மெலிந்த உடலைக் கண்டு நோயில்லை என்று இறுமாத்தலும் தவறு. வகுப்பிலே பருத்த தோழனைப் பெருந்தீனிக்காரன் என்று நகைத்தலும் தவறு. அவனுடைய பசி அவன் விருப்பத்தால் மட்டும் எழுவதன்று என்பதை அந்தச் சிறுமியின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அளவோடு உண்போம், உடலை உழைக்கச் செய்வோம், பிறர் உடலைப் பழியாதிருப்போம்.