உங்க நிலம், ராஜாவோட மரம்: ஓசூர் எல்லையில் சந்தனத்தின் கதை

ஓசூர்ல வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில வேலைன்னு தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போறவங்களுக்கு இந்த எபிசோட் ரொம்பப் பொருந்தும். அந்த மாநில எல்லையைவிட வயசான ஒரு சட்டத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். சந்தன மரத்தைக் காப்பாத்தப் போட்ட சட்டம்.

1792. மூன்றாம் மைசூர் போர்ல திப்பு சுல்தான் தோத்துட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி பாதி ராஜ்யம் போச்சு. அதுபோக 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வேற. கிருஷ்ணகிரி இருக்கிற பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. ஆனா ஓசூர் திப்புகிட்டயே இருந்தது. அதாவது, அடுத்த ஏழு வருஷம் எல்லைக்கோடு அத்திப்பள்ளியில இல்ல. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல இருந்தது!

சந்தனத்தை ராஜ மரம்னு திப்பு அறிவிச்சதும் அதே 1792-லதான்னு சொல்றாங்க. அரசமரம் இல்லைங்க, அரசாங்க மரம். யார் நிலத்துல முளைச்சாலும் அது ராஜாவோட சொத்து. கஜானா காலியாகிக் கிடந்த நேரத்துல இந்த முடிவு எதுக்குன்னு யூகிக்கக் கஷ்டமில்லை.

1799-ல திப்பு இறந்ததும் ஓசூரும் கம்பெனிக்குப் போய், சேலம் ஜில்லாவோட சேர்ந்தது. மைசூரை ஆண்ட உடையார்கள் சந்தன ஏகபோகத்தை மட்டும் விடவே இல்லை. முதல் உலகப்போர்ல ஐரோப்பிய ஏற்றுமதி முடங்கினப்போ, 1916-ல பெங்களூர்ல அவங்களே எண்ணெய் வடிக்க ஆரம்பிச்சாங்க. மைசூர் சாண்டல் சோப்பு பிறந்த கதை அதுதான். நம்ம பக்கம் 1882-ஆம் வருஷத்து சென்னை வனச் சட்டம் இருந்தது. பின்னாளில் அதுல சந்தனத்துக்குன்னே தனிப் பிரிவுகள் சேர்ந்தன.

சரி, இவ்வளவு காவல் இருந்தும் மரம் ஏன் குறைஞ்சது?

சந்தனம் தனியா வளராது. பக்கத்துச் செடியோட வேர்ல தன் வேரை ஒட்டி உணவை உறிஞ்சும். வாசனை இருக்கிற வைரக்கட்டை உருவாகப் பல வருஷம் ஆகும். வேர்லயும் எண்ணெய் இருக்கிறதால, மரத்தை வெட்ட மாட்டாங்க, வேரோட பிடுங்குவாங்க. அப்போ மறுபடி துளிர்க்கவும் வழியில்லை.

இப்போ ஒரு விவசாயி இடத்துல இருந்து யோசிங்க. மரம் என் நிலத்துல. காவல் என் பொறுப்பு. திருடு போனா முதல் கேள்வி எனக்கு. ஆனா மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். பறவை எச்சத்துல ஒரு கன்று தானா முளைச்சா என்ன செய்வீங்க? சத்தமில்லாம பிடுங்கிப் போட்டுடுவீங்க. இங்க நிறைய பேர் அதைத்தான் செஞ்சாங்க.

வளர்க்கிறவன் ஒதுங்கினான், கடத்துறவன் உள்ளே வந்தான். 2004 அக்டோபர்ல பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துல வீரப்பன் கொல்லப்பட்ட வரைக்கும் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் வெறும் போலீஸ் கதையா மட்டும் பார்த்தா, இந்தச் சட்டத்தோட பங்கு கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்.

கடைசியா, 2001-ல கர்நாடகமும் 2002-ல தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. வளர்க்கிறவருக்கே மரம் சொந்தம்னு ஆச்சு. பட்டா நிலச் சந்தனத்துக்கான விதிகள் தமிழ்நாட்டுல 2008-ல வந்தன. ஆனாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. வனத்துறை அனுமதி வேணும். ஓசூர்ல உங்க லேஅவுட் ஓரத்துல ஒரு சந்தனக் கன்று நின்னா, அதுக்கும் இதுதான் சட்டம்.

திப்பு காலத்துச் சட்டம் மரத்தோட விலையைக் காப்பாத்துச்சு. மரத்தைக் காப்பாத்த, பக்கத்துல இருக்கிற மனுஷனுக்கும் அதுல ஒரு பங்கு வேணும். இதைப் புரிஞ்சுக்க நமக்கு 200 வருஷத்துக்கு மேல ஆச்சு. சந்தனம் இன்னைக்கு அழியும் வாய்ப்புள்ள மரங்கள் பட்டியல்ல இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.