கத்தி எடுக்கும் முன்

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரை ஒட்டிய ரைட் ஃபீல்டில், போயிங் 299 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ராணுவத்துக்குப் பறந்துகாட்டக் கிளம்பியது. ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில், அனுபவசாலி. விமானம் செங்குத்தாக ஏறி, தடுமாறி, விழுந்து எரிந்தது. ஹில் இறந்துபோனார். எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்று உலுக்காமல் இருக்க வால்பகுதியின் அசையும் பாகங்களைப் பூட்டிவைப்பார்கள். கிளம்பும் முன் அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அவரைவிடத் திறமையான ஆளைத் தேடுவதில் அர்த்தமில்லை. ராணுவ விமானிகள் ஒரு காரியம் செய்தார்கள்: ஏறும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று பார்க்கவேண்டியதை எல்லாம் அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த விமானம்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் 12,731 எண்ணிக்கையில் தயாரானது. இன்று அது அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அட்டை மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறது.

டாக்டர்களின் கைக்கு வர அதற்கு வெகுகாலம் ஆனது. நர்ஸ்கள் காய்ச்சல் சார்ட், மருந்து கொடுக்கும் நேரம் என்று எப்போதோ தாளோடு பழகிவிட்டார்கள். தாள் எதற்கு, எல்லாம் தலையில் இருக்கிறது என்றவர்கள் டாக்டர்கள்தான்.

2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட், ஐசியு நோயாளிகளின் பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். கை கழுவுவது, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைப்பது, நோயாளியை முழுக்கத் துணியால் மூடுவது என்று சில வரிகள்தான். எதுவும் புதிதில்லை, எல்லாம் முதல் வருட மாணவனுக்கும் தெரிந்தது. நர்ஸ்களை ஒரு மாதம் பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் அவரை அங்கேயே நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகத்திடம் பேசி நர்ஸ்களுக்கு வாங்கிக்கொடுத்தார். தொற்று ஏறக்குறைய இல்லாமலே போனது.

அதே தாள் மிச்சிகன் மாநில ஐசியுக்களுக்குப் போனது. சரியான மருந்து பல ஐசியுக்களில் கைக்கெட்டும் இடத்தில் இல்லை என்பது அங்கே தெரியவந்தது. நிர்வாகிகளை வார்டுக்கு வரவழைத்து அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். 1,000 குழாய்-நாட்களுக்கு (நோயாளிகளின் உடலில் குழாய் இருந்த நாட்களின் கூட்டுத்தொகை) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது. அறிக்கை 2006-இல் வந்தது.

டேட்டன் இருக்கும் அதே ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது எனக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். ஆபரேஷன் தியேட்டர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட டாக்டர் தாமே விமானம் ஓட்டுகிறவர். ஆறு அங்குல நீளத்தில் கூடாரம்போல மடித்த ஓர் உலோகத் தகட்டைச் செய்து, புறப்படலாம் என்று பொறித்து, கத்தியின்மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார். நர்ஸ் எல்லாவற்றையும் சரிபார்த்துத் தகட்டை எடுக்கும்வரை சர்ஜன் கத்தியைத் தொடமுடியாது. குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு ஆன்டிபயாட்டிக் சரியான நேரத்தில் போகாமல் இருந்தது. தகடு வந்து பத்து மாதத்தில் விடுபட்டவர் ஒருவரும் இல்லை.

2008-இல் சர்ஜன் அதுல் கவாண்டே குழுவினரோடு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தாளில் 19 வரிகள், மூன்று நிறுத்தங்கள்: மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன். ஆள் சரியா, பக்கம் சரியா, காஸ் துணி எண்ணிக்கை சரியா என்பதோடு, அறையில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும் என்றும் ஒரு வரி. ‘சார்’, ‘சிஸ்டர்’ என்பதைத் தாண்டி வாய்திறக்காத நம் தியேட்டர்களில் இந்த ஒரு வரிதான் கஷ்டமானது. தொடக்கத்தில் பெயர் சொன்ன ஆள்தான் நடுவில் தப்பைப் பார்த்தால் குரல் கொடுப்பார்.

லண்டன், சியாட்டில், டொரான்டோ, ஆக்லாந்து, அம்மான், மணிலா, புது தில்லி ஆகிய நகரங்களோடு தான்சானியாவின் இஃபகாராவிலும் அந்தத் தாளைச் சோதித்தார்கள். இஃபகாராவில் இருந்தது கிலோம்பெரோ பள்ளத்தாக்கின் ஒரு சாதாரண மாவட்ட மருத்துவமனை. எட்டு மருத்துவமனைகளையும் சேர்த்துப் பார்த்தால் மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. பின்னர் நடந்த கருத்துக்கணிப்பில், தாளைக் குறைசொன்ன டாக்டர்கள் உண்டு. உங்களுக்கே ஆபரேஷன் என்றால் இது வேண்டுமா என்று கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 93 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள்.

பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். அங்கே 101 மருத்துவமனைகள் தாளைக் கடைப்பிடித்தன. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்துவதாகக் கணக்கும் காட்டின. 2014-இல் ஆய்வு வந்தது. மரணம் 0.71 விழுக்காட்டிலிருந்து 0.65 ஆனது, தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய வித்தியாசம். மேலிருந்து உத்தரவு வந்தால் டிக் போடுவது எவ்வளவு சுலபம் என்பது அரசு அலுவலகம் பார்த்த யாருக்கும் தெரியும்.

பிரசவத்துக்கென்று இன்னொரு தாள் தயாரானது. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் முதல் சோதனை. செய்யவேண்டிய 29 காரியங்களில் சராசரியாகப் பத்து மட்டுமே நடந்துகொண்டிருந்தது, தாள் வந்ததும் 25 ஆனது. அந்த உற்சாகத்தில் உத்தரப்பிரதேசத்தின் 120 ஆரம்ப, சமுதாய சுகாதார நிலையங்களில் பெரிய ஆய்வு. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்கள். பாதி நிலையங்களுக்குத் தாளோடு எட்டு மாதம் அவ்வப்போது வந்து சொல்லிக்கொடுக்க நர்ஸ் பயிற்சியாளர்கள். இரண்டாம் மாதத்தில் நல்ல நடைமுறைகள் 72.8 விழுக்காடு, மற்ற பாதியில் 41.7. பயிற்சியாளர்கள் போனபின், பன்னிரண்டாம் மாதத்தில் 61.7-க்கு இறங்கிவிட்டது.

தாய் சேய் மரணமும் தாயின் கடும் சிக்கல்களும் சேர்த்த கணக்கில் தாள் இருந்த பக்கம் 15.1 விழுக்காடு, மறுபக்கம் 15.3. வித்தியாசம் இல்லை. இதைத் தாளின் தோல்வி என்று நான் எழுதமாட்டேன். மூச்சுவிடாத குழந்தைக்குப் பையும் முகமூடியும் எடுத்துவை என்று தாள் சொல்லும். அதைப் பிடிக்கத் தெரிந்த கையும், ரத்தம் நிற்காத தாயைச் சிசேரியன் செய்யும் இடத்துக்கு நேரத்தில் கொண்டுபோகும் வண்டியும் தாளில் முளைக்காது.

உத்தரப்பிரதேச ஆய்வு வெளியான 2017 டிசம்பரிலேயே மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் தொடங்கியது. பிரசவத் தாள் அதில் ஒரு பகுதி. ஆள்பலம், கருவிகள், அறையின் அமைப்பு எல்லாம் மதிப்பெண்ணுக்கு உட்பட்டவை. சான்றிதழ் கிடைக்க 70 விழுக்காடு வேண்டும். மதிப்பிட வருகிறவர்கள் கேஸ் ஷீட்டில் டிக் இருக்கிறதா என்று பார்ப்பதோடு போய்விடக்கூடாது. வேலை நடப்பதை நேரில் பார்க்கவேண்டும், நர்ஸிடம் கேட்கவேண்டும், படுக்கையில் இருக்கும் தாயிடமும் கேட்கவேண்டும் என்பது விதி.