சேலத்தின் பாதி வளையம்

நம் பைபாஸை "ரிங் ரோடு" என்று சொல்பவர்கள் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் அது பாதி வளையம்தான். மாமாங்கம் பக்கம் ஓமலூர் ரோட்டை விட்டு விலகி, கந்தம்பட்டி, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, எருமாபாளையம் என்று மேற்கையும் தெற்கையும் சுற்றி, உடையாப்பட்டியில் ஆத்தூர் ரோட்டைப் பிடிக்கிறது. வடகிழக்கில் மூடவில்லை. அங்கே சேர்வராயன் மலையும் அடிவாரக் காடும் நிற்கின்றன.

பைபாஸ் வருவதற்கு முன் பெங்களூரிலிருந்து நாமக்கல் போகும் லாரி ஐந்து ரோடு வழியாக ஊருக்குள் நுழைந்து, குகை, தாதகாப்பட்டி கேட் கடந்துதான் வெளியேற வேண்டும். அந்தக் குறுகிய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு பைபாஸ் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு ஸ்ரீநகர்–கன்னியாகுமரி நான்குவழித் தடம் வந்தபோது, சேலம்–கொச்சி கிளையும் அதில் சேர்ந்தது. கிளை பிரியும் இடம் நம் கொண்டலாம்பட்டி. 2010-ல் நாடு முழுவதும் எண்கள் மாறின: 7 என்பது 44 ஆனது, கோவை ரோடான 47 என்பது 544 ஆனது, உளுந்தூர்பேட்டை ரோடான 68 என்பது 79 ஆனது. (பெரியவர்கள் வாயில் இன்னும் ஏழுதான்.)

உளுந்தூர்பேட்டை ரோட்டில் நடந்தது சிக்கனம் என்ற பெயரில் செய்த தவறு என்பது என் கருத்து. சாலையை நான்குவழியாக்கிவிட்டு, வாழப்பாடி, ஆத்தூர் போன்ற ஊர்களைச் சுற்றும் பைபாஸ்களை மட்டும் இருவழியாக விட்டார்கள். வேகமாக வந்த வண்டி திடீரென்று எதிர்வண்டியைச் சந்தித்தது. விபத்துகள் குவிந்த பிறகுதான் அகலப்படுத்தும் பேச்சு வந்தது.

2018-ல் வந்த சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் (277 கி.மீ., சுமார் 10,000 கோடி ரூபாய்) நம் ஊருக்கு வெளியே இன்னொரு வில்லை வரைந்தது. மஞ்சவாடி கணவாயில் இறங்கி, குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி, பூலாவரி வழியாக அரியானூரில் முடியும்படி திட்டம். மலைக்கும் ஊருக்கும் நடுவே மிச்சமிருக்கும் தென்னந்தோப்பும் நெல்வயலும்தான் அதன் பாதையில் இருந்தன. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். நிலமெடுப்பு அறிவிப்புகளை 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிலமெடுப்பு அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கத் தேவையில்லை என்று சொல்லி, 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அறிவிப்புகளை ஏற்றது.

ஊரை விலக்கிப் போட்ட ரோட்டின் இருபுறமும் இப்போது ஊர் வந்துவிட்டது. நம் வீடுகளும் அதில் அடக்கம். அடுத்த அகலப்படுத்தலில் சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதையும் எங்கே என்பது நமக்குச் சின்ன விஷயமல்ல. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலமெடுப்பு அறிவிப்பின் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வந்ததிலிருந்து 21 நாளுக்குள், நிலத்தில் உரிமையோ பாத்தியமோ உள்ளவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம்.