சாரணர் சட்டமும் சகோதரத்துவமும்

சாரணர் இயக்கம் என்றவுடன் காக்கி உடையும் கழுத்துத் துணியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் உயிர்நிலை உடையில் இல்லை. சாரணன் ஏற்கும் உறுதிமொழியில் உள்ளது. கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுதல், பிறருக்கு உதவுதல், சாரணர் சட்டத்தின்படி ஒழுகுதல் என்னும் மூன்றும் அவ்வுறுதிமொழியின் கூறுகளாகும்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தைச் சேர்ந்த பிரவுன்சீ தீவில் பேடன் பவல் முதல் முகாமை நடத்தினார். செல்வர் பள்ளி மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே அணிகளில் கலந்து வாழ்ந்தனர். 1908இல் அவர் வகுத்த சட்டத்தின் நான்காம் விதி, சமூக வகுப்பு எதுவாயினும் சாரணர் அனைவரும் உடன்பிறந்தாரே என்று வலியுறுத்தியது.

விதி எழுதப்பட்டது, ஆயின் உலகம் அதனை உடனே ஏற்றுவிடவில்லை. 1909இல் பெங்களூரில் சாரணர் படை தோன்றியபோது, ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுச் சிறுவர்களுக்கே அதில் இடம் தரப்பட்டது. இந்நாட்டு மைந்தர்க்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அதனால் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார். வடக்கே மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. நாடு விடுதலை பெற்ற பின், 1950 நவம்பர் 7ஆம் நாள் பிரிந்து நின்ற சங்கங்கள் ஒன்றாயின.

தென்னாப்பிரிக்காவிலோ நிலைமை இன்னும் கொடிது. கறுப்பினச் சிறுவர்கள் சாரணர் என்னும் பெயரைக்கூடப் பெறாது, 'பாத்ஃபைண்டர்' என்னும் தனி அமைப்பில் ஒதுக்கப்பட்டனர். 1936இல் பெயர் கிடைத்தது, சமத்துவம் கிடைக்கவில்லை. வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என நான்கு பிரிவுகளாகவே அவர்கள் நிறுத்தப்பட்டனர். 1977இல்தான் எல்லா இனத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தனர். விதி பிறந்து 69 ஆண்டுகள் கழிந்த பின்னரே அங்கு அது நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நல்ல விதி ஏட்டில் இருப்பதனால் மட்டும் நீதி பிறப்பதில்லை. அடைத்த கதவைத் தட்டியவர்களே அவ்விதிக்கு உயிரூட்டினர். தனிக் குவளையும் தனிக் கிணறும் கண்ட நம் சமுதாயத்திற்கு இவ்வுண்மை புதிதன்று.

சாரணர் முகாமில் அணியினர் ஒன்றாக நீர் சுமந்து, ஒன்றாகச் சமைத்து, ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்து உண்கின்றனர். சாதி பார்ப்பவன் அங்கே சாரணனாக இருத்தல் இயலாது. அன்பார்ந்த இளைஞர்களே! சாரணர் படையில் சேருங்கள். முதலுதவியும் முடிச்சுகளும் கற்றுக்கொள்ளுங்கள். அதனினும் மேலாக, நான்காம் விதியை நீங்கள் காத்து நில்லுங்கள். பிறரும் காக்குமாறு தலைநிமிர்ந்து கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை மட்டுமன்று. நீங்கள் ஏற்ற உறுதிமொழியின் கடமையுமாகும்.