கூட்டுச் சிலந்தியும் பிளவுச் செவுள் காளானும்

கூட்டுச் சிலந்தியும் பிளவுச் செவுள் காளானும் புதுச்சேரி வட்டாரத்தின் வறண்ட செம்மண் மேட்டு நிலத்துக்கு ஏற்ற உயிரினங்கள். முன்னதன் அறிவியல் பெயர் ஸ்டெகோடிஃபஸ் சாராசினோரம். இலங்கையில் ஆய்வு செய்த சுவிஸ் உறவினர்களான பால், ஃபிரிட்ஸ் சாராசின் இருவரையும் சிறப்பித்து 1892இல் விலங்கியலாளர் கார்ஷ் சூட்டியது. பின்னது ஸ்கைசோஃபில்லம் கம்யூன். 1815இல் பூஞ்சையியலாளர் ஃபிரீஸ் வைத்த பெயர்.

பெரும்பாலான சிலந்திகள் தனிக்குடித்தனம்தான். கூட்டுச் சிலந்தியோ முட்செடியிலும் வேலியிலும் காய்ந்த இலை, இரையின் சக்கை எல்லாவற்றையும் நூலோடு பின்னிக் கூடு கட்டிக் கூட்டமாக வாழும். நூலில் பசை கிடையாது. பஞ்சுபோன்ற நுண்ணிழைகளில் வெட்டுக்கிளியின் காலிலுள்ள முட்கள் சிக்கிக்கொள்ள, பல சிலந்திகள் சேர்ந்து அதை இழுத்துச் செல்லும்.

காளான் பட்டுப்போன கிளைகளிலும் வெட்டிப்போட்ட கட்டைகளிலும் விசிறி வடிவில் முளைக்கும். மேலே வெண்சாம்பல் நிற மயிர், அடியில் நீளவாக்கில் பிளந்த செவுள்கள். வெயிலில் பிளவின் விளிம்புகள் சுருண்டு வித்துப் பரப்பை மூடிக்கொள்ளும். ஐப்பசி மழை பட்டதும் விரியும். உலர்த்தி மூடிவைத்த மாதிரி ஒன்று சுமார் 50 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர்த்தெழுந்தது.

பார்வைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய கிளை. சிலந்தியின் மேலோட்டிலும் காளானின் செல்சுவரிலும் கைட்டின் உண்டு. இரண்டுமே உணவை உடலுக்கு வெளியே கரைத்துத்தான் உட்கொள்கின்றன: சிலந்தி இரைமீது செரிமான நீரைக் கக்கி உறிஞ்சும், காளானின் இழைகள் மரத்துக்குள் நொதிகளைச் சுரந்து சத்தை ஈர்க்கும்.

இனப்பெருக்கத்தில்தான் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். ஒப்பீட்டின் சுவையும் அங்கேதான். சிலந்தி பெரும்பாலும் தன் கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்கிறது. ஆண்கள் மிகச் சிலவே. தாய் குஞ்சுகளுக்கு உணவைக் கக்கி ஊட்டி, கடைசியில் தன் உடலையே இரையாகக் கொடுத்துவிடும். தலைமுறை தலைமுறையான அகமணத்தால் மரபணு வேறுபாடு குறைந்துவிட்டது. காளானுக்கோ ஆண், பெண் என்ற இருபால் கணக்கே இல்லை; 23,000க்கும் மேற்பட்ட இணைவகைகள். தன் வகையோடு மட்டும் சேராது. எனவே காற்றில் வந்து விழும் அயல் வித்து ஏறக்குறைய எதுவானாலும் பொருத்தம்தான். சோதிடருக்கு வேலையே இல்லை.

கூட்டுச் சிலந்தியால் மனிதருக்குத் தீங்கில்லை. காளானை மணிப்பூரில் விரும்பிச் சமைத்து உண்கிறார்கள். ஆனால் அதன் வித்துகளைச் சுவாசிப்பதால், குறிப்பாக நோயெதிர்ப்புத் திறன் குன்றியவர்களுக்கு, அரிதாக மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் தொற்று உண்டாவதுண்டு.