ஊமை என்னும் பெயர்

எழுத்துக்கு இடப்படும் பெயர் அவ்வெழுத்தின் இயல்பை மட்டுமன்றிப் பெயரிட்டோர் செவியின் இயல்பையும் புலப்படுத்தும். கிரேக்க இலக்கண மரபில் 'அஃபோனா' எனப்பட்ட எழுத்துக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 'குரலற்றவை' என்பது அச்சொல்லின் பொருள். இலத்தீன் இலக்கணகாரர் அவற்றை 'ஊமைகள்' என்றே வழங்கினர்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில், தானே ஒலிக்காது ஒலியுடைய எழுத்தோடு சேர்ந்தவிடத்துச் செவிப்படுவதே இவ்வகை எழுத்து என வரையறுத்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான தியோனீசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் இலக்கண நூல் இவற்றை ஒன்பதாக வகுத்து, வேறொரு விளக்கம் தருகின்றது. ஏனைய எழுத்துக்களினும் ஓசைநயம் குன்றியமையாலேயே இவை அப்பெயர் பெற்றன. குரல்வளமற்ற துன்பியல் நடிகனைக் 'குரலற்றவன்' என்பது போன்றதே அது என்கின்றது அந்நூல். எனவே, இப்பெயர் குரலின் இன்மையைக் குறித்ததன்று. கேட்டோரின் மதிப்பீட்டையே குறித்தது.

தொல்காப்பியர் காட்டும் தமிழ் மரபு இதனின் வேறானது. தனித்து இயங்குவதை உயிர் என்றும் அதனோடு கூடி இயங்குவதை மெய் என்றும் அம்மரபு வழங்கிற்று. கிரேக்கர் குரலற்றவை என்ற ஒலிகளுட் பலவற்றுக்கு ஒப்பான க, ச, ட, த, ப, ற என்பன ஈண்டு வல்லெழுத்து எனப்பட்டன. ஆங்குக் குறைபற்றி அமைந்த பெயர் ஈண்டு வன்மைபற்றி அமைந்தது.

இவ்வொலிகளில் மௌனம் உண்டென்பது உண்மையே. 'கத்தை' என்னுங்கால் நா பல்லைப் பொருந்தி மூச்சைத் தடுக்கும் கணத்தில் ஒலி எழுவதில்லை. ஆயினும், 'கதை'யினின்று அச்சொல்லைப் பிரித்துணர்த்துவதில் அவ்வொலியின்மைக்குப் பெரும்பங்குண்டு. மௌனமும் பொருள் உணர்த்தும் என்பது இதனால் பெறப்படும்.

எழுத்துக்கு நேர்ந்தது மாந்தர்க்கும் நேர்ந்தது. சிலாவிய மொழிகளில் ஜெர்மானியரைக் குறிக்கும் பெயர் 'ஊமை' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. தம் மொழி அறியாதார் பேசாதாராகவே கொள்ளப்பட்டனர் போலும்.

இம்மனப்பான்மையின் கொடிய விளைவினைச் செவிப்புலனற்றோர் கல்வி வரலாற்றிற் காணலாம். 1880ஆம் ஆண்டு மிலான் நகரிற் கூடிய அனைத்துலக மாநாடு, அவர்தம் கல்வியில் சைகையை விலக்கி வாய்மொழியையே கைக்கொள்ளுமாறு தீர்மானித்தது. வாக்களித்தோர் ஏறத்தாழ அனைவரும் செவிப்புலனுடையோர். அதன்பின் பல நாடுகளில் வகுப்பறைகளிற் சைகைமொழி தடுக்கப்பட்டது. செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் தம் பதவியை இழந்தனர். இருந்தும் மாணவர் தமக்குள்ளே அம்மொழியைப் பேணி வந்தனர்.

1960இல் வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அமெரிக்க அறிஞர், சைகைமொழிச் சொற்கள் கையின் வடிவு, இடம், அசைவு என்னும் உறுப்புக்களால் ஆனவை என நிறுவினார். எழுத்துக்களாற் சொல் அமைதல் போன்றதே அவ்வமைப்பு. 2010இல் வான்கூவரிற் கூடிய மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றின் தீய விளைவுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் எத்தனையோ தலைமுறைச் சிறார் தம் மொழியாற் கற்கும் வாய்ப்பை இழந்திருந்தனர்.

எழுத்தாயினும் மாந்தராயினும், 'ஊமை' என்னும் பெயர் வழங்குமிடத்து, பெயரிட்டோர் கேட்கத் தவறியது யாது என வினவுதல் மொழி வரலாறு பயில்வோர் கடனாகும்.