கண்காணியும் கங்காணியும்



அச்சன்புதூர் கடையொன்றில் 'கண்காணிப்பு கேமரா உள்ளது' என்ற பலகையைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது.

கண்ணால் காண்பவர் கண்காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'மாகேசுவரக் கண்காணி' வருகிறது. சிவன் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள் அவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் நம் திருநெல்வேலிச் சீமையிலும் பிற மாவட்டங்களிலும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவருக்கும் அதே பெயர். பேச்சு வழக்கில் கங்காணி ஆனார். முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனார். தோட்டத்தில் வேலையும் வாங்கினார். அந்தக் கடன் தீராமல் மலையிலேயே தங்கிப்போனவர்கள் ஏராளம். கங்காணி என்ற சொல் ஆங்கிலத்திலும் ஏறியது. மலேயாவிலும் இதே முறைதான். அங்கே கூலியாட்கள் செல்வதை 1938-ல் இந்திய அரசு தடை செய்தது.

உங்களில் பலர் இன்று பிறரிடம் வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். கண்காணியாக இருங்கள், கங்காணியாகிவிடாதீர்கள்.